பிரதிகள் பல, சாட்சிகள் எத்தனை?

1977 மார்ச் 10 இரவு. ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி மங்கலான ஒரு விண்மீனைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. எஸ்ஏஓ 158687 என்ற அட்டவணை எண்தான் அதன் அடையாளம். யுரேனஸ் கோள் அதன் குறுக்கே போய் அதை மறைக்கப்போகிறது என்று கணித்திருந்தார்கள். மறையும் நேரத்தையும் மீளும் நேரத்தையும் துல்லியமாக அளந்தால் கோளின் விட்டத்தைப் பற்றியும் வளிமண்டலத்தைப் பற்றியும் நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒளிமானியில் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோள் விண்மீனை நெருங்குவதற்கு வெகுமுன்பே, விண்மீனின் ஒளி சட்டென்று தாழ்ந்தது. சில வினாடிகளில் பழைய நிலைக்கே ஏறியது.

குறுக்கே ஏதோ போயிருக்கிறது. எது? கையிலிருந்த பதிவை வைத்துச் சொல்லக்கூடிய நியாயமான விடை, யுரேனஸுக்கு இதுவரை தெரியாத துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்பது. ‘நேச்சர்’ இதழில் அவர்கள் எழுதிய குறிப்பின் தலைப்பும் அதுதான்: யுரேனஸின் புதிய துணைக்கோள்.

அதே இரவு அமெரிக்காவின் கைப்பர் பறக்கும் ஆய்வகம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேல் பறந்துகொண்டிருந்தது. விமானத்துக்குள் பொருத்திய தொலைநோக்கியால் ஜேம்ஸ் எலியட்டின் குழுவும் அதே விண்மீனைத்தான் பார்த்தது. கோள் மறைப்பதற்கு முன்பு ஐந்து முறை ஒளி தாழ்ந்தது. மறைத்து விலகிய பிறகும், கோளின் மறுபக்கத்தில், அதே தொலைவுகளில் ஐந்து முறை தாழ்ந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்தும் பதிவுகள் வந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது துணைக்கோள் என்ற விளக்கம் நிற்கவில்லை. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருந்தன. வானியலாளர் வைணு பாப்புவும் பட்டாச்சார்யாவும் காவலூர்ப் பதிவையே மறுபடி அலசி, சனிக்கு இருப்பது போன்ற வளைய அமைப்பு அது என்று அதே ஆண்டு, அதே இதழில் எழுதினார்கள்.

காவலூர்ப் பதிவில் பொய் எதுவும் இல்லை. நேர்மையான, நுட்பமான பதிவு. அதை ஐந்து ஜெராக்ஸ் எடுத்து ஐந்து ஊர்களில் பூட்டிவைத்திருந்தாலும் துணைக்கோள் துணைக்கோளாகவேதான் இருந்திருக்கும். பிரதிகள் கூடினால் பதிவு தொலைந்துபோகாது, அவ்வளவுதான். அது காட்டுவது என்ன, அது சரியா என்று சொல்ல வேறோர் இடத்தில், வேறொரு கருவியோடு, காவலூருக்குக் கட்டுப்படாத இன்னொருவர் பார்த்திருக்க வேண்டும்.

பிளாக்செயினை விற்க வருபவர்கள் பெரும்பாலும் பிரதிகளைக் காட்டித்தான் பேசுகிறார்கள். ஒரே கணக்கேடு பத்து சர்வர்களில் இருக்கிறது, ஒன்றில் கைவைத்தால் மற்ற ஒன்பது காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே யாராலும் மாற்ற முடியாது என்பார்கள். கேட்கும் அதிகாரிக்கும் அது பிடித்துப்போகிறது. அந்தப் பத்து சர்வர்களும் யாருடையவை, அவற்றின் சாவிகள் யாரிடம் இருக்கின்றன என்ற கேள்வி கூட்டம் முடிந்து தேநீர் வரும்வரை எழுவதே இல்லை. இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

சென்ற அத்தியாயத்தில் பார்த்த ஹாஷை இங்கே ஒரு வரியில் நினைவூட்டிவிடுகிறேன். எவ்வளவு நீளமான ஆவணத்தையும் 64 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரே சரமாகச் சுருக்கும் கணக்கு அது. ஆவணத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் சரம் முற்றிலும் வேறாகிவிடும். ஒவ்வொரு பிளாக்கும் தனக்கு முந்தையதன் ஹாஷைச் சுமந்திருப்பதால், நடுவில் ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் பொருந்தாமல் போகும். பிட்காயின் போன்ற பொது பிளாக்செயினில் அந்தப் பின்னால் உள்ளவற்றை எல்லாம் திரும்பச் செய்வதற்கு ஏராளமான மின்சாரமும் இயந்திரங்களும் வேண்டும். அதன் காவலே அந்தச் செலவுதான். 2009 ஜனவரியில் தொடங்கிய அந்த வலையில் யாரும் சேரலாம், யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை.

தனியார் பிளாக்செயின் வேறு வகை. இங்கே அனுமதி பெற்றவர்கள்தான் உள்ளே வரலாம். ஒவ்வொருவருக்கும் அடையாளச் சான்று உண்டு. மின்சாரத்தை எரிக்கும் போட்டி கிடையாது, ஆகவே வேகம். வங்கிகளும் அரசுத் துறைகளும் கப்பல் கம்பெனிகளும் இந்த வகையையே விரும்புகின்றன. லினக்ஸ் ஃபவுண்டேஷன் 2015 இறுதியில் தொடங்கிய ஹைப்பர்லெட்ஜர் திட்டத்தின் ‘ஃபேப்ரிக்’ இதில் பெயர் பெற்றது. தமிழ்நாடு அரசு 2020-இல் பிளாக்செயினுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. மாநிலம் முழுவதற்குமான அடித்தளமாக ‘நம்பிக்கை இணையம்’ என்ற ஒன்றை அமைக்கும் பொறுப்பு தமிழ்நாடு மின் ஆளுமை முகமையிடம் வந்தது. சான்றிதழ்களும் நில ஆவணங்களும் மானியங்களும் என்றாவது ஒருநாள் இப்படிப்பட்ட ஏடுகளில் ஏறப்போகின்றன என்றால், ஜவ்வாது மலைமேல் இருப்பவர்களுக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

உள்ளே வருபவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள் என்பது இந்த வகையின் பலம். ஆபத்தும் தெரிந்தவர்களிடமிருந்தே வரும்.

பிளாக்செயினைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு 2020-க்குப் போவோம். பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம், விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் நேரடியாகப் போடுகிறது. 2019-இல் வந்தது. கொரோனா ஊரடங்கு மாதங்களில் தமிழ்நாட்டில் பயனாளிகளின் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. ஆகஸ்டில் தோண்டிப் பார்த்தபோது, தகுதியே இல்லாதவர்கள் லட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அப்போதைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி செப்டம்பரில் சொன்ன கணக்கின்படி தகுதியற்றோர் சுமார் 5.5 லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய். தரகர்கள் கைதானார்கள். 80 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள், 34 அலுவலர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள். பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், சேலத்தோடு, ஜவ்வாது மலையைப் பங்குபோட்டுக்கொள்ளும் திருவண்ணாமலையும் வேலூரும் இருந்தன.

இதில் எந்த ஹேக்கரும் இல்லை. எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. அலுவலர்களுக்கென்று கொடுத்த லாகினும் பாஸ்வேர்டும் தரகர்களின் கைக்குப் போயிருந்தன. சர்வரின் பார்வையில் ஒவ்வொரு பதிவும் முறைப்படி, உரிய அதிகாரி தானே உட்கார்ந்து ஒப்புதல் கொடுத்ததுதான்.

அந்தத் திட்டம் தனியார் பிளாக்செயினில் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த 5.5 லட்சம் பதிவுகளும் டிஜிட்டல் கையெழுத்தோடு, ஹாஷோடு, யாராலும் அழிக்க முடியாதபடி ஏறியிருக்கும். எந்த லாகினிலிருந்து எப்போது வந்தது என்ற தடயம் மிஞ்சும், உண்மைதான். ஒழுங்காக வைத்த சாதாரணத் தரவுத்தளமும் அந்தத் தடயத்தைத் தரும். கையெழுத்து சரியா என்று பிளாக்செயின் பார்க்கும். கையெழுத்துப் போட்ட கை யாருடையது என்று அதற்குத் தெரியாது.

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் இப்படி ஓர் ஏற்பாடு வருகிறது என்று கற்பனை செய்துகொள்வோம். மலையாளிப் பழங்குடி விவசாயிகள் சாமை, தேன், மிளகு, புளி எல்லாம் கொண்டுவந்து போடும் ஒரு கொள்முதல் நிலையம். கொள்முதலை பிளாக்செயினில் பதிகிறார்கள். நான்கு தரப்புகள்: விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனம், சரக்கை வாங்கும் கம்பெனி, கடன் கொடுக்கும் வங்கி, மேற்பார்வை பார்க்கும் ஓர் அரசுத் துறை. தரப்புக்கு ஒரு சர்வர். ஃபேப்ரிக்கில் இந்தச் சர்வரைப் பியர் என்பார்கள். காகிதத்தில் பார்த்தால் நான்கு சாட்சிகள்.

இப்போது டெண்டர் விடுகிறார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள ஒரு மென்பொருள் கம்பெனி எடுக்கிறது. நான்கு தரப்புக்கும் தனித்தனியாகச் சர்வர் வைக்கவும் ஆள் போடவும் பணமும் இல்லை, வேலை தெரிந்தவர்களும் இல்லை. ஆகவே நான்கு பியரும் ஒரே கிளவுட் கணக்கில், ஒரே அட்மின் பாஸ்வேர்டுக்குள் எழும்புகின்றன. அந்தப் பாஸ்வேர்டு இரண்டு எஞ்சினியர்களிடம் இருக்கிறது. யாரும் தீய எண்ணத்தோடு இப்படிச் செய்வதில்லை. இதுதான் மலிவு, இதுதான் சீக்கிரம் முடியும்.

அந்த அட்மின் மனது வைத்தால் என்னவெல்லாம் செய்யலாம்?

முதலாவது, அடையாளம். ஃபேப்ரிக்கில் ஒவ்வொரு தரப்புக்கும் சான்று வழங்கும் ஒரு சர்வர் உண்டு. இன்னார் வங்கியின் ஆள், இவருக்குக் கையெழுத்து அதிகாரம் உண்டு என்று சான்று கொடுப்பது அதன் வேலை. அது அட்மினின் கையில் இருந்தால், வங்கியில் இல்லாத ஒரு மேலாளரைப் பத்து நிமிடத்தில் உருவாக்கிவிடலாம். அவர் போடும் கையெழுத்தைக் கணிதம் சோதிக்கும், செல்லும் என்று சொல்லும். கணிதம் பொய் சொல்லவில்லை. அந்தச் சாவியை உரிய சான்று சர்வர்தான் வழங்கியது என்பதற்குமேல் அதற்கு எதுவும் தெரியாது.

இரண்டாவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஃபேப்ரிக்கின் ஒவ்வொரு பியரிலும் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று, பிளாக்குகளின் சங்கிலி. இன்னொன்று, ‘இப்போதைய நிலை’யை வைத்திருக்கும் தரவுத்தளம். யார் கணக்கில் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் சங்கிலியை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்க முடியாது என்பதற்காக இந்த இரண்டாவது. இதற்குப் பலர் கவுச்டிபி என்ற மென்பொருளைப் போடுவார்கள். அதற்குச் சாதாரண பிரவுசரிலேயே திறக்கும் நிர்வாகப் பக்கம் உண்டு. அட்மின் உள்ளே போகிறார். ஒரு விவசாயியின் பதிவைத் திறக்கிறார். எடை என்ற இடத்தில் 480 கிலோ என்று இருக்கிறது. 430 என்று மாற்றிச் சேமிக்கிறார். சங்கிலியில் ஒரு பிளாக்கும் அசையவில்லை, எல்லா ஹாஷும் பொருந்துகிறது. ஆனால் கைப்பேசிச் செயலி கேட்பது இந்தத் தரவுத்தளத்தைத்தான். அந்தப் பியரிடம் கேட்பவருக்கு 430 என்றுதான் தெரியும்.

அடுத்த பரிவர்த்தனையில் என்ன ஆகும் என்பது ஒப்புதல் விதியைப் பொறுத்தது. குறைந்தது மூன்று தரப்புகளின் பியர்கள் தனித்தனியே கணக்குப் போட்டு ஒரே விடை வந்தால்தான் ஏற்க வேண்டும் என்று விதி இருந்தால், ஒன்றில் 430, மற்றவற்றில் 480 என்று வந்து பரிவர்த்தனை தள்ளுபடியாகும், குட்டு வெளிப்படும். ஒரு தரப்பு ஒப்புக்கொண்டாலே போதும் என்று வேகத்துக்காக விதியைத் தளர்த்தியிருந்தால், 430-க்கான பணம் முறைப்படி கணக்கிடப்பட்டு, முறைப்படி கையெழுத்தாகி, சங்கிலியிலேயே ஏறிவிடும். நான்கு தரவுத்தளங்களும் ஒரே அட்மினிடம் இருந்தால் எவ்வளவு கடுமையான விதியும் பயன்படாது. நான்கிலும் போய் மாற்றிவிட்டு வந்துவிடுவார். சங்கிலியிலிருந்து தரவுத்தளத்தைப் புதிதாகக் கட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். அதற்கு ஃபேப்ரிக்கில் வழியும் இருக்கிறது. யாராவது கட்டிப் பார்க்க வேண்டும், அந்த யாராவது அவராக இருக்கக் கூடாது.

தேதி விஷயமும் உண்டு. ஃபேப்ரிக்கில் ஒரு பரிவர்த்தனையின் மேல் உள்ள நேர முத்திரையை எழுதுவது அதை அனுப்பும் கணினி. கணினியின் கடிகாரத்தைத் திருப்பிவைத்தால் சென்ற மாதத் தேதியிலும் அனுப்பலாம். முன்தேதியிட்ட பத்திரம் நம் ஊருக்குப் புதிதல்ல. அதைத் தடுக்கும் என்றுதான் பலர் பிளாக்செயினுக்கே வருகிறார்கள். தனியாக விதி எழுதாவிட்டால் அது தானாகத் தடுக்காது.

கடைசியாக, எல்லாச் சாவிகளும் ஒரே இடத்தில் இருந்தால் சங்கிலியையே முதலிலிருந்து புதிதாக எழுதிவிடலாம். இங்கே மின்சாரச் செலவு என்ற காவல் இல்லை. விவசாயியின் சாவியும், அவருக்குச் சிரமம் வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில், சர்வரிலேயே வைக்கப்பட்டிருந்தால் அவருடைய பழைய கையெழுத்துகளைக்கூட மறுபடி போடலாம். ஒரு மடிக்கணினியில் ஓர் இரவு போதும். மறுநாள் காலை நான்கு பியர்களும் ஒத்துப்போகும். உள்ளே நின்று பார்க்கும் யாராலும் நேற்று இருந்த சங்கிலி வேறு என்று நிரூபிக்க முடியாது.

இந்த ஆபத்தைக் கணினி அறிவியல் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் மூவரும் 1982-இல் எழுதிய ‘பைசாண்டியத் தளபதிகள்’ கட்டுரை இதைத்தான் கேட்டது: செய்தி பரிமாறிக்கொள்ளும் தளபதிகளில் சிலர் துரோகிகள் என்றால் மற்றவர்கள் ஒரு முடிவுக்கு வர முடியுமா? வாய்மொழிச் செய்திகளை மட்டும் வைத்து, ஒரு துரோகியைத் தாங்க மொத்தம் நான்கு பேராவது வேண்டும், இருவரைத் தாங்க ஏழு பேர். இதோடு ஒப்பிட, இயந்திரம் பழுதாகி நின்றுபோவதை மட்டும் தாங்கினால் போதும் என்றால் மூன்று பேரில் ஒருவரை இழக்கலாம். நின்றுபோகிறவனைச் சமாளிப்பது எளிது. பொய் சொல்கிறவனைச் சமாளிக்கத்தான் ஆள் கூடுதலாக வேண்டும்.

ஃபேப்ரிக்கில் பரிவர்த்தனைகளை வரிசைப்படுத்தும் சர்வர்கள் 2019 முதல் ராஃப்ட் என்ற முறையில் இயங்கின. அது முழுக்க முழுக்க நின்றுபோவதை மட்டும் தாங்கும் வகை. சர்வர் சாகலாம், பொய் சொல்லாது என்ற நம்பிக்கையின்மேல் கட்டியது. வரிசைப்படுத்துபவர் மற்றவர்களின் கையெழுத்தைத் திரிக்க முடியாது, ஆனால் ஒருவருடைய பரிவர்த்தனையைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம், முந்தியதைப் பிந்தியதாக்கலாம். துரோகியையும் தாங்கும் முறை ஃபேப்ரிக்கின் மூன்றாம் பதிப்போடு 2024-இல்தான் வந்தது. அதற்கு முன் எழுந்த எத்தனையோ அமைப்புகளின் விளம்பரத்தில் ‘யாரையும் நம்ப வேண்டியதில்லை’ என்று எழுதியிருந்தது. பொறிக்குள் எழுதியிருந்தது வேறு.

எண்ணிக்கையைக் காட்டி ஏமாற்றிக்கொள்வதற்கு ரோனின் அளவுக்குத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. வியட்நாமின் ஸ்கை மேவிஸ் நிறுவனம் தன் ‘ஆக்ஸி இன்ஃபினிட்டி’ விளையாட்டுக்காக நடத்திய சங்கிலி அது. முழுத் தனியார் பிளாக்செயின் என்று சொல்ல முடியாவிட்டாலும், பணத்தை வெளியே விட ஒப்புதல் தரும் ஒன்பது பேரும் தேர்ந்தெடுத்து அமர்த்தப்பட்டவர்கள். ஒன்பதில் ஐந்து கையெழுத்து வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒன்பதில் நான்கு ஸ்கை மேவிஸுக்கே சொந்தம். 2021 நவம்பரில் வேலைப் பளு கூடியபோது, ஆக்ஸி டிஏஓ என்ற ஐந்தாவது தரப்பு தன் சார்பிலும் கையெழுத்திட ஸ்கை மேவிஸுக்கு அனுமதி கொடுத்தது. டிசம்பரில் அந்தத் தேவை முடிந்தது. அனுமதியைத் திரும்பப் பெற யாருக்கும் தோன்றவில்லை. பிறகு ஓர் ஊழியருக்குப் பொய்யான வேலைவாய்ப்புக் கடிதம் அனுப்பி உள்ளே நுழைந்தவர்களுக்கு, ஒரு நிறுவனத்தின் கதவைத் திறந்ததும் ஐந்து கையெழுத்தும் கிடைத்துவிட்டது. 2022 மார்ச் 23 அன்று 60 கோடி டாலருக்கு மேல் போனது. போனதே ஆறு நாள் கழித்து, ஒருவர் தன் பணத்தை எடுக்க முயன்று முடியாமல் போனபோதுதான் தெரிந்தது. வடகொரியாவின் லாசரஸ் குழுவின் வேலை என்று எஃப்பிஐ சொன்னது.

வெளியாள் செய்த திருட்டுதானே, இதை உள்ளாள் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கலாம். சாவியைக் கையில் வைத்திருப்பவர் யாரோ அவரே உள்ளாள் என்பதுதான் இத்தகைய அமைப்புகளின் ஒரே வரையறை. பழனியில் இருக்கும் மேலாளரும் பியாங்யாங்கில் இருக்கும் திருடனும் அவற்றின் கண்ணுக்கு ஒருவரே.

அப்படியானால் தனியார் பிளாக்செயினே வீண் வேலையா? இல்லை என்றுதான் நினைக்கிறேன், அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால். 2018-இல் வெளிப்பட்ட பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியை எடுத்துக்கொள்ளுங்கள். மும்பையில் ஒரு கிளையிலிருந்து ஸ்விஃப்ட் என்ற வங்கிச் செய்தி வலை வழியாக மற்ற வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளுக்கு உறுதிக் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. அதே வங்கியின் உள்கணக்கில் அவற்றுக்குப் பதிவே இல்லை. இரண்டு ஏடுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் ஓடிய பிறகுதான், பத்தாயிரம் கோடிக்கு மேல் ஓட்டை என்று தெரியவந்தது. அனுப்பும் வங்கி, பெறும் வங்கி, இரண்டுக்கும் பொதுவான ஓர் ஏடு இருந்து, அதில் ஏறாத கடிதம் செல்லாது என்ற விதியும் இருந்திருந்தால் அந்தக் கிளை ஊழியர்களால் இவ்வளவு தூரம் போயிருக்க முடியாது. 2021-இல் இந்திய வங்கிகள் பதினைந்து சேர்ந்து வணிகக் கடன் ஆவணங்களுக்கென ஒரு பிளாக்செயின் நிறுவனத்தைத் தொடங்கியதில் அர்த்தம் இருக்கிறது. வங்கிகள் ஒன்றுக்கொன்று போட்டி. ஒன்றின் தவறை மற்றொன்று மூடிமறைக்கக் காரணம் இல்லை. அங்கே சர்வர்கள் தனித்தனிக் கைகளில் இருக்கும் வரை அவை சாட்சிகள்.

ஒரே அரசின் ஐந்து துறைகள் ஐந்து சாட்சிகளா என்பது கடினமான கேள்வி. ஒரே மாவட்ட ஆட்சியரின் கீழ் இரண்டு அலுவலகங்கள்? ஒரே ஒப்பந்தக்காரர் நடத்தும் நான்கு பியர்கள் ஒன்றுதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மற்றவற்றுக்கு இடம் பார்த்து, ஆள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டை எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் புரிந்திருந்தது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய அந்த விதிகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லாரும் புகழ்கிறோம். எனக்கு அதில் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவரோடு நிறுத்தவில்லை: சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என்று அவருடைய உறவுமுறையையே வரிசையாகச் சொல்லி விலக்கிவைத்தார்கள். பெயர் வேறாக இருந்தால் போதாது, வீடும் வேறாக இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி. ஒன்பதில் நான்கு சாவியைத் தானே வைத்துக்கொண்ட ரோனினை அவர்கள் வாரியத்துக்குள் விட்டிருக்க மாட்டார்கள்.

உள்ளே நிற்பவர்களை எவ்வளவு பிரித்தாலும் போதாது என்றால், வெளியே ஒரு சாட்சி வைக்கலாம். பிட்காயினுக்குப் பல ஆண்டுகள் முன்பே இதைச் செய்துவிட்டார்கள். ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா இருவரும் 1991-இல் டிஜிட்டல் ஆவணங்களுக்குக் காலமுத்திரை குத்தும் முறையை எழுதினார்கள். ஆவணங்களின் ஹாஷ்களைச் சங்கிலியாகக் கோக்கும் யோசனை அதில் இருக்கிறது. சங்கிலியை வைத்திருப்பவரே மாற்றிவிட்டால்? அவர்கள் தொடங்கிய ஷூரிட்டி நிறுவனம் 1995 முதல் வாரம் ஒருமுறை தன் மொத்தச் சங்கிலியின் ஹாஷை ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் வரிவிளம்பரப் பகுதியில் அச்சிட்டது. காணாமல் போன பூனைக்கும் கைப்பைக்கும் பக்கத்தில், யாருக்கும் புரியாத எழுத்துச்சரம் ஒன்று. அதற்குப் பிறகு பழைய பதிவு ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால் அமெரிக்கா முழுக்க வீடுகளிலும் நூலகங்களிலும் கிடக்கும் அந்த வாரத்து நாளிதழ்களைத் தேடிப்பிடித்துக் கொளுத்த வேண்டும்.

இன்று அதே வேலையைப் பொது பிளாக்செயினில் செய்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், பழங்குடிகள் மிகுந்த எட்டப்பள்ளியில் 65,000 சாதிச் சான்றிதழ்களை பாலிகான் என்ற பொதுச் சங்கிலியோடு பிணைத்து வழங்கும் திட்டம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. சான்றிதழ் பிற்பாடு திருத்தப்பட்டதா என்பதை அலுவலகத்தைக் கேட்காமலே யாரும் சோதிக்கலாம். பழங்குடிச் சான்றுக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்கும் ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு இதில் உள்ள வசதி புரியும். அந்தச் சான்று உரியவருக்குத்தான் வழங்கப்பட்டதா என்பதைச் சங்கிலி சொல்லாது. அதைச் சொல்ல விசாரணைக்குப் போன அலுவலர் வேண்டும்.

நம் கற்பனைக் கொள்முதல் நிலையத்துக்கு இதையெல்லாம் பொருத்திப் பார்த்தால் வேலை அவ்வளவு பெரியதாகத் தெரியவில்லை. வங்கி தன் பியரைத் தன் இடத்திலேயே நடத்தட்டும், சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். சான்று வழங்கும் சர்வர் ஒப்பந்தக்காரரிடம் இருக்க வேண்டாம். ஒப்புதலுக்குக் குறைந்தது மூன்று தரப்பு என்று விதி இருக்கட்டும், அந்த விதியை மாற்றவும் மூன்று தரப்பு தேவைப்படட்டும். ஆள் மாற்றலாகிப் போன அன்றே அவருடைய சான்று ரத்தாக வேண்டும், ரோனினில் நடந்தது போல மாதக்கணக்கில் கிடக்கக் கூடாது. வாரம் ஒருமுறை சங்கிலியின் ஹாஷை ஒரு நாளிதழில் போடலாம். வரிவிளம்பரத்துக்கு என்ன பெரிய செலவு? ஜமுனாமரத்தூர் ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒரு தாளும் ஒட்டலாம், காசே ஆகாது.

இவை எல்லாம் பதிவு ஏறிய பிறகு நடப்பதைக் காக்கும். பதிவு ஏறும் இடம் தராசு.

மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நிற்கும் விவசாயி கேட்கிறார்: “ஏங்கண்ணே, நூறு கிலோன்னு வூட்ல பாத்துட்டுத்தானே வந்தேன். தொண்ணூத்தாறுன்னு போடுறீங்க?”

“சாமையில ஈரம் இருக்குதுப்பா. கழிக்கச் சொல்லித்தான் உத்தரவு.”

ஈரம் எவ்வளவு என்று அளக்கும் கருவி ஒருவர் கையில்தான் இருக்கிறது. எடை ஒருவர் கண்ணுக்குத்தான் தெரிகிறது. 96 என்று தட்டியதும் நான்கு பியர்களும் ஒத்துக்கொள்கின்றன, ஹாஷ் பொருந்துகிறது, நாளிதழிலும் அச்சாகிறது. அந்த நான்கு கிலோவை எந்தக் கணிதமும் திருப்பித் தராது. அங்கே வேண்டியது விவசாயிகளே வாங்கி, விவசாயிகளே முத்திரை போட்டுவாங்கி வைத்திருக்கும் இன்னொரு தராசும் ஈரமானியும், அந்த எடையைத் தனி லாகினில் பதிய அவர்களில் ஒரு பெண்ணோ பையனோ. இரண்டு எடைகளும் பொருந்தாவிட்டால் பரிவர்த்தனை நிற்க வேண்டும் என்ற விதியை எழுதுவது எஞ்சினியருக்கு அரைநாள் வேலை. டெண்டர் ஆவணத்தில் பிளாக்செயினுக்கு நாற்பது பக்கம் எழுதுபவர்கள் இரண்டாவது தராசுக்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும், அதன் விலையையும் சேர்த்து.